மதாமின் விளக்குகளுக்கு நான் எழுதிய பெயர்

நான் நல்ல ரைப்பிஸ்ட். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்த பிழைக்கு அதுவே காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பதினொரு வருடம் தட்டச்சு செய்தவள் நான். வேலையில் சேர்ந்த முதல் வாரமே தலைமைக் கிளாக்கர் கூப்பிட்டு ஒரு புத்தி சொன்னார்: "தங்கச்சி, பெரியவர் எழுதித் தாறதிலை பிழை கிடந்தா அது அவற்றை பிழை இல்லை, உம்மடை பிழை. போய்க் கேட்டுக்கொண்டு நிக்காதையும். திருத்திப்போட்டு அடியும்." அன்றிலிருந்து நான் ஒருவரையும் கேட்டதில்லை. விடுபட்ட எழுத்தைச் சேர்ப்பேன். பிழையான திகதியை மாற்றுவேன். பெரியவர் தன் மேலதிகாரியின் பெயருக்கு முன்னால் 'திரு' போட மறந்தால் நானே போட்டுவிடுவேன். என் கையால் போன கடிதம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பை விட்டுக் கப்பலில் யாழ்ப்பாணம் போய், அங்கும் இருக்க முடியாமல், அடுத்த வருடக் கடைசியில் கணவரும் நானும் ரொறன்ரோ வந்து சேர்ந்தோம். டோர்செட் பார்க்கில் ஒரு உயரமான கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் எங்கள் அப்பார்ட்மென்ட். என் பதினொரு வருடத்தை இங்கே ஒருவரும் சீந்தவில்லை. கனேடிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வந்து மூன்று மாதமான ஒருத்தியிடம் அதைக் கேட்க எப்படித்தான் மனம் வருகிறதோ. கடைசியில் கென்னடி ரோட்டுக்கு அப்பால் ஒரு விளக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது.

அந்தக் காலத்தில் இந்த நாட்டுச் சனத்துக்கு வாத்துப் பைத்தியம். கழுத்தில் நீல ரிப்பன் கட்டிய பீங்கான் வாத்து, அதன் முதுகில் ஒரு பல்பு, பல்புக்கு மேல் ஒரு தொப்பி. வாத்தின் வயிற்றுக்குள் வயரை விட்டு முதுகு வழியாக வெளியே எடுப்பது என் வேலை. ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. விரலை விட்டுத் துழாவித் துழாவி நகமெல்லாம் தேய்ந்துபோனது. அந்த வாத்தை வரைந்தவன் ஒருநாளும் ஒரு வயரைக் கையால் தொட்டிருக்கமாட்டான் என்று நான் சத்தியம் செய்வேன். வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் குழைக்க விரல் மடங்காது.

எண்பத்தாறு இலையுதிர் காலத்தில், நூலகத்து விளம்பரப் பலகையில் ஒரு சிறு கடதாசி பார்த்தேன். சனிக்கிழமைகளில் வந்து தட்டச்சு செய்ய ஒருவர் தேவை என்று கையால் எழுதியிருந்தது. அதைக் கிழித்துக்கொண்டு வந்து கணவரிடம் காட்டினேன்.

"கிழமையிலை அஞ்சு நாள் வேலை. இருக்கிற ஒரு சனிக்கிழமையையும் குடுக்கப் போறீரே?" என்றார்.

"எனக்கு வாத்து வேண்டாம். ஒரு நாளைக்கெண்டாலும் ரைப் மிஷினுக்கு முன்னாலை இருக்க வேணும்," என்றேன்.

"அப்ப போய்ப் பாருமன்," என்றார்.

பஸ், சப்வே, பிறகு தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் என்று நகரத்தின் மேற்கு ஓரத்துக்குப் போக ஒன்றரை மணித்தியாலம் ஆனது. செங்கல் வீடொன்றின் மேல்மாடியில் அவர் தனியாக இருந்தார். எழுபதை நெருங்கும் பிரெஞ்சுப் பெண். என் தோளுக்குத்தான் வருவார். தொழிலாளர்கள் போடுகிற நீல நிற மேற்சட்டை ஒன்று போட்டிருந்தார். கண்ணில் பூ விழுந்து, எதையும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துத்தான் படித்தார். எல்லோரும் தன்னை மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிடலாம் என்றார். பிறகு என் பெயரைக் கேட்டார். நான் கணவரின் பெயரைச் சொன்னேன். குடிவரவு மேசையில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது அதைத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். தொழிற்சாலையில் எல்லோரும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வீட்டில் நான் வாயால் சொல்லாத பெயர். வெளியே நாள் முழுக்க அதற்குத்தான் திரும்பிப் பார்த்தேன்.

"அது கணவருடையது. உங்களுடையது?" என்று கேட்டார் மதாம்.

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். கிழவிக்கு எங்கள் வழக்கம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி. அவருடையது மூக்கால் வரும், என்னுடையது கந்தோர்க் கடிதம் போல வரும். அதனால் சுற்றி வளைக்காமல் பேசினோம். வேலை இதுதான்: நகரத்தில் ஒரு கலைக் கல்லூரியின் இளம் ஆசிரியர் ஒருவர் பழைய சாமான் கடையில் ஒரு விளக்கை வாங்கியிருக்கிறார். அது யார் செய்தது என்று தேடித் தேடி, செய்தவர் இதே நகரத்தில், அந்தக் கடையிலிருந்து மூன்று ஸ்ட்ரீட்கார் நிறுத்தம் தள்ளி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். கல்லூரிக் காட்சிக்கூடத்தில் அவருடைய விளக்குகளையும் கதிரைகளையும் வைக்கப் போகிறார்கள். பெட்டி பெட்டியாக இருக்கும் பழைய கடிதங்களுக்கும் வரைபடங்களுக்கும் பட்டியல் போட வேண்டும். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் வைக்க ஓர் அட்டை அடிக்க வேண்டும்.

"ஒரு தடவை. சுவரில் என் பெயர். அதற்குப் பிறகு கண் போனாலும் பரவாயில்லை," என்றார் மதாம்.

அதை நான் என் காதால் கேட்டேன். கேட்டும் விளங்கிக்கொள்ளவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்தத் தளபாடங்களை முதலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பாரிஸ் என்றால் பொன் பூச்சும் வெல்வெட்டும் என்று நினைத்திருந்தேன். அங்கே கிடந்ததோ வளைத்த இரும்புக் குழாயில் ஒரு கதிரை, மூன்று கால் ஸ்டூல், சுவரோடு மடிகிற மேசை. எங்கள் பெரியாஸ்பத்திரியில் வெளிநோயாளர் குந்தியிருக்கிற மர வாங்கு இதைவிட வடிவு. விளக்குகள்தான் என்னை நிறுத்தின. மெல்லிய தகட்டைச் சல்லடை போலத் துளைத்து வளைத்த தொப்பிகள். ஒரு நீளக் கம்பி சுவரிலிருந்து புறப்பட்டு, தொட்ட பக்கமெல்லாம் திரும்பும். போட்டால் வெளிச்சம் கண்ணில் குத்தாது, எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் விழும். வாத்துகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அந்த அருமை உடனே தெரிந்தது.

கடிதங்களெல்லாம் பிரெஞ்சில்; திகதியையும் ஆளையும் அவர் சொல்ல நான் பட்டியல் போட்டேன். பெட்டிகளைக் கிளறக் கிளற அவர் வாழ்க்கையும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. யுத்தம் முடிந்தபோது அவர் பாரிசில் அலங்காரக் கலை படித்து முடித்த இளம் பெண். ஊரெல்லாம் இடிந்து கிடந்தது. புதிதாகக் கட்டிய வீடுகள் தீப்பெட்டி அளவில் இருந்தன. பாட்டன் காலத்து அலுமாரி அந்தக் கதவால் உள்ளேயே போகாது. பாரமில்லாத, மலிவான, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக்கூடிய சாமான் வேண்டியிருந்தது. மாணவர் விடுதிகளுக்குக் கட்டில், பள்ளிக்கூடங்களுக்கு மேசை, பிறகு விளக்குகள் என்று அவர் வரைந்துகொண்டே இருந்தார். ஒரு பொறியியலாளரைக் கல்யாணம் செய்தார். அவரிடம் தகட்டு வேலை செய்யும் ஒரு பட்டறை இருந்தது. பத்து வருடம் நன்றாக ஓடியது. பிறகு பிளாஸ்டிக் வந்தது. பெரிய தொழிற்சாலைகள் இவர்கள் விளக்கைப் பார்த்து இதைவிட மலிவாகச் செய்து விற்றன. பட்டறையை மூடினார்கள், கணவர் இறந்தார், மகள் கனடாவில் கல்யாணம் கட்டினாள். மதாமும் பின்னால் வந்தார். ரொறன்ரோவில் ஒரு கம்பனியில் உட்கார்ந்து அலுவலகத் தடுப்புகளையும் பள்ளிக்கூட லொக்கர்களையும் வரைந்து ஓய்வு பெற்றார். மகள் இப்போது வான்கூவரில் இருந்தாள், வருடம் ஒரு தடவை வருவாள்.

"லொக்கரும் நல்லதாகத்தான் வரைந்தேன். கதவு இடிக்காது," என்றார்.

தை மாதம் அட்டைகளுக்கு வந்தோம். மதாம் கொப்பித் தாள் இரண்டில் பத்தொன்பது பொருட்களை எழுதித் தந்தார்: பொருள், வருடம், எதனால் செய்தது. முதல் தாளின் தலையில் தன் பெயர். அவருடைய முதற்பெயர், அதோடு எனக்குத் தெரியாத ஒரு குடும்பப் பெயர். அடியில் கோடு போட்டிருந்தார். அது அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இருந்த பெயர் இல்லை, அவருக்கு வரும் கடிதங்களில் இருந்த பெயரும் இல்லை. அந்தத் தாளோடுதான் டோர்செட் பார்க்குக்கு வந்தேன். எங்கள் சாப்பாட்டு மேசையில் இரவல் எலெக்ட்ரிக் மிஷினை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

தகப்பன் வீட்டுப் பெயரை எழுதிவிட்டார் என்று விளங்கியது. வயது போனால் அப்படித்தான், சின்ன வயதுப் பெயர் முதலில் நினைவுக்கு வரும். எங்களில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முதல்நாள் வரை அப்பாவின் தலைப்பெழுத்து. தாலி ஏறினால் கணவர் பெயர். பத்திரிகையில், அழைப்பிதழில், மரண அறிவித்தலில்கூட அதுதான் மரியாதை. அதுவும் கணவரை இழந்தவர். அவர் பெயரை விட்டுவிட்டால் வந்து பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? விளக்கை வரைந்தது மதாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கை அவருடையது, பெயர் கணவருடையது, இதில் என்ன முரண் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். எங்கள் வீட்டு விசேஷத்தில் விடிய எழும்பிச் சமைத்தது அம்மா. சாப்பிட்டுப் போனவர்கள் புகழ்ந்தது அப்பாவின் வீட்டுச் சாப்பாட்டை.

ஆகவே திருத்தினேன். மதாம் என்று போட்டு, அதன் பின்னால் கணவரின் முழுப் பெயரை, முதற்பெயரும் குடும்பப் பெயருமாக அடித்தேன். பத்தொன்பது அட்டையிலும். கல்லூரி ஆசிரியர் துண்டுப் பிரசுரத்துக்காகக் கேட்டிருந்த தாளிலும். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

அடுத்த சனிக்கிழமை மதாம் கண்ணை மூடிக்கொண்டு, "வாசியுங்கள்," என்றார். பொருளையும் வருடத்தையும் வாசித்தேன். பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதானே என்று அதைத் தாண்டிப் போனேன். ஒரு சுவர் விளக்கில் மட்டும் நிறுத்தினார்.

"ஐம்பத்திரண்டு அல்ல, ஐம்பத்தொன்று. அந்த வருடம் மகள் பிறந்தாள். பிள்ளையை ஒரு கையில் வைத்துப் பால் கொடுக்கும்போது மற்றக் கையால் விளக்கை இழுக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த நீளக் கம்பி."

நான் ஐம்பத்தொன்று என்று மாற்றினேன்.

பங்குனியில், கண்காட்சிக்கு எட்டு நாள் இருக்கும்போது, துண்டுப் பிரசுரக் கட்டு அச்சாகி வந்திருந்தது. நான் போனபோது மதாம் ஒன்றை எடுத்து மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றார். முகப்பில் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படிக்க அவருக்கு உருப்பெருக்கி தேவைப்படவில்லை.

"இதை யார் சொல்லி எழுதினீர்கள்?" என்று கேட்டார்.

நான் இன்னும் விளங்காமல், கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன். எங்கள் நாட்டில் இதுதான் மரியாதை என்றேன். நீங்கள் மறந்து எழுதியிருந்தீர்கள், நான் சரிசெய்தேன் என்றேன். மதாம் வந்து உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"பட்டறைப் பட்டியலில் அவர் பெயர். சஞ்சிகையில் அவர் பெயர். பரிசு கொடுத்தபோது மேடையில் அவர், நான் பூச்செண்டோடு கீழே. அவர் கெட்டவர் இல்லை. வாங்குகிறவர்கள் ஆணின் பெயரைக் கேட்கிறார்கள் என்பார். அவர் செத்த பிறகு நான் பதினைந்து கடிதம் எழுதினேன், எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கிறது, நீங்கள்தான் பட்டியல் போட்டீர்கள். பதில் வந்த மூன்றிலும் அனுதாபம் இருந்தது. புருஷன் செத்த துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்கிற அனுதாபம். அந்தப் பெயரில்தான் நான் படித்தேன், மிஸிஸ். அந்தப் பெயரில்தான் வரைந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. பிழை விட்டவளுக்குத்தான் முதலில் கோபம் வரும். "அதை அப்பவே தெளிவாகச் சொல்லியிருக்கலாமே!" என்று கத்திவிட்டேன்.

"அடிக்கோடு போட்டிருந்தேன்," என்றார் மதாம்.

திரும்பி வரும்போது ஸ்ட்ரீட்காரில் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று வாய்க்கு லேசாகச் சொல்லிவிடலாம். நான் பிடித்தது குரங்குமில்லை. முப்பத்தைந்து வருடமாக அவரைக் கொன்ற அதே பெயரை, என் கையால், மரியாதை என்று சொல்லிப் பத்தொன்பது தடவை அடித்திருந்தேன்.

அட்டைகளை மறுபடி அடிப்பது பெரிய காரியமில்லை. பிரசுரத்தைத் திரும்ப அச்சடிக்க நேரமில்லை என்று கல்லூரி ஆசிரியர் கைவிரித்தார். பாவம், மதாமின் விருப்பப்படியே பெயர் போட வேண்டும் என்று அவர்தான் அந்தத் தாளைக் கேட்டு வாங்கியவர். அது விருப்பம் இல்லை, ரைப்பிஸ்டின் கெட்டித்தனம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சரியான பெயரைச் சிறு சிறு துண்டாக அடித்து ஒட்டித் தருகிறேன் என்றேன். அந்தக் கிழமை வேலை முடிந்து வந்து தினமும் அதே வேலை. கணவர் கத்தரிக்கோலால் வெட்டினார். பக்கத்து அப்பார்ட்மென்ட் அக்கா பசை பூச வந்தா.

"மனிசன்ரை பேரைப் போட்டதுக்கு ஒரு மனிசி கோவிப்பாவே? நான் எண்டால் சந்தோசப்படுவன்," என்றா அக்கா.

"அவ கோவிக்கேல்லை, அக்கா. கோவிச்சிருந்தால் நான் இப்பிடி இருக்கமாட்டன்," என்றேன்.

கணவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. "நீர் ஒருக்காக் கேட்டிருக்கலாம்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். துண்டுகள் கோணாமல் இருக்க வேண்டுமே என்று நான் அடிமட்டம் வைத்து ஒட்டினேன்.

கண்காட்சிக்கு முதல்நாள் சனிக்கிழமை, புதிய அட்டைகளையும் ஒட்டிய கட்டையும் எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். மதாமும் வந்திருந்தார். மதாம் வீட்டில் எரித்த ஒன்றிரண்டைத் தவிர, விளக்குகளெல்லாம் பிரான்சின் மின்சாரத்துக்குச் செய்தவை, இங்கே எரிய உள்ளே சில சாமானை மாற்ற வேண்டும். கல்லூரித் தொழில்நுட்பக்காரர், ஆறடி ஆள், சுவர் விளக்கின் கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு திருகாணி இருந்தது, அவருடைய கட்டைவிரல் பாதியில் நின்றது. குறட்டாலும் எட்டவில்லை.

"நான் பார்க்கவா?" என்றேன்.

என் கை நேரே உள்ளே போனது. துழாவவே வேண்டியிருக்கவில்லை. விரல் போய் நின்ற இடத்திலேயே ஆணி இருந்தது, வயர் வரவேண்டிய பக்கத்திலிருந்து வந்தது. இரண்டு வருடமாகப் பீங்கான் வாத்துகளுக்குள் கை விட்ட எனக்கு ஒரு விஷயம் சந்தேகமில்லாமல் தெரிந்தது. இதை வரைந்தவருக்கு என் கை அளவில்தான் கை. பெட்டியிலிருந்த படங்களில் கணவரைப் பார்த்திருக்கிறேன், அவர் அந்தத் தொழில்நுட்பக்காரரைவிடப் பெரிய மனிதர். மதாமிடம் போய் அதைச் சொன்னேன்.

பிரசுரம் வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் சிரித்தார். "அவர் வாழ்நாளில் ஒரு பல்பு மாற்றியதில்லை," என்றார்.

அந்தச் சிரிப்பு அரை மணித்தியாலம் நின்றது. ஆசிரியர் முகமெல்லாம் மலர்ச்சியாக அன்றைய பத்திரிகையோடு ஓடிவந்தார். மூன்று கிழமைக்கு முன்பே, பிரசுரம் அச்சுக்குப் போகிறபோது, நான் அடித்த அந்தத் தாளின் பிரதி ஒன்றைப் பத்திரிகைக்கும் அனுப்பியிருக்கிறார். அதை அவரே மறந்துவிட்டார்; படம் வந்த சந்தோஷத்தில் பெயரையும் கவனிக்கவில்லை. கலைப் பக்கத்தின் கீழ் மூலையில், சுவர் விளக்கின் படத்தோடு ஒரு குறிப்பு. மதாம் என்கிற சொல்லை அங்கே எடுத்துவிட்டிருந்தார்கள். யுத்தத்துக்குப் பிந்திய பிரெஞ்சு வடிவமைப்பாளர், காலஞ்சென்ற இன்னாரின் படைப்புகள், ரொறன்ரோவில் வாழும் அவருடைய மனைவி பாதுகாத்து வைத்திருந்தவை. மதாம் என்னிடம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இந்த முறை பெயரைத் தாண்டிப் போகவில்லை. ஆசிரியருடைய மலர்ச்சி பாதியில் வற்றிப்போனது.

"திருத்தம் போடச் சொல்லுவோம்," என்றார் ஆசிரியர்.

"போடுவார்கள். கார் விற்பனை விளம்பரத்துக்குக் கீழே," என்றார் மதாம்.

ஞாயிறு பின்னேரம் ஈரப் பனி. அப்படியிருந்தும் நாற்பது பேர் வரை வந்தார்கள், பாதிப்பேர் அந்தப் பத்திரிகைக் குறிப்பைப் பார்த்து வந்தவர்கள். மதாம் அந்த நீல மேற்சட்டையைத் தோய்த்து அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். நான் சேலை கட்டி, பெரிய பெட்டி நிறைய, உள்ளே கிழங்குக் கறி வைத்த பற்றீஸ் பொரித்துக்கொண்டு போயிருந்தேன். சீஸ் துண்டுகளுக்குப் பக்கத்தில் அதையும் வைத்தார்கள். சுவரில் பத்தொன்பது அட்டைகளிலும் மதாமின் பெயர், அவர் படித்த பெயர், நேராக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டேன் என்றுகூடக் கொஞ்ச நேரம் நினைத்தேன்.

மதாமுக்கு முழங்கால் வலி. நின்று நின்று பார்த்துவிட்டு, நாலாம் இலக்கக் கதிரையில் போய் உட்கார்ந்தார். வாசலில் நின்ற மாணவப் பிள்ளை ஓடிவந்து, மிகப் பணிவாக, காட்சிப் பொருளில் உட்காரக்கூடாது என்றாள். மதாம் மன்னிப்புக் கேட்டு எழும்பினார். அது தன் கதிரை என்று அவர் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பிள்ளையிடம் நானே சொல்லப் போனேன். மதாம் தலையை ஆட்டித் தடுத்தார். வேறு கதிரை ஒன்றுகூட அந்த மண்டபத்தில் இல்லை. நான் தேடப் போக வெளிக்கிட்டேன். அதற்குள் கேள்விகள் தொடங்கிவிட்டன.

முதலில் ஒரு பெண். பத்திரிகையில் வேறு பெயர் இருந்ததே என்றார். மதாம் பொறுமையாக, படித்த காலத்திலிருந்து தொடங்கிச் சொன்னார். "ஓ, இருவரும் சேர்ந்து செய்தீர்களா, எவ்வளவு அழகு," என்றார் அந்தப் பெண். இல்லை என்றார் மதாம். அந்தப் பெண் அதற்குள் அடுத்த விளக்குக்குப் போய்விட்டார். பிறகு ஒரு தம்பதி, அவர்களுக்கும் முதலிலிருந்து. நாலாவதாக வந்தவர் கேட்டு முடித்துவிட்டு மதாமின் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டல் எனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்தில் புருஷனை இழந்தவளை அப்படித்தான் தட்டுவார்கள்.

நான் கீழ்மாடியில் ஒரு வகுப்பறையைத் திறக்கச் சொல்லி, மடக்குக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தேன். மதாமுக்கு முன்னால் அப்போது ஒரு நடுத்தர வயது மனிதர் நின்றார். ஒரு கையில் வெட்டியெடுத்த பத்திரிகைத் துண்டு, மற்றக் கையில் எங்கள் பிரசுரம். நல்ல மனிதர் என்று முகத்தில் எழுதியிருந்தது. குனிந்து, பணிவாகக் கேட்டார்.

"மன்னியுங்கள். பத்திரிகையில் ஒரு பெயர், சுவரில் ஒரு பெயர். எது சரி?"

மதாம் சுவரைப் பார்த்தார். ஒரு கையால் முழங்காலைப் பிடித்திருந்தார்.

"பத்திரிகை சரி," என்றார்.

"நானும் அப்படித்தான் நினைத்தேன்," என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நாங்கள் ஒட்டிய பெயரை மெல்லிய கோட்டால் வெட்டி, மேலே கணவரின் பெயரை எழுதிக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டு விளக்கைப் பார்க்கப் போனார்.

நான் கதிரையைத் தொப்பென்று வைத்தேன். "ஏன் அப்படிச் சொன்னீர்கள்? ஏன்?" என்று கேட்டேன்.

மதாம் கதிரையைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார். "கால் நோகிறது, மிஸிஸ்," என்றார்.

அந்த மனிதரிடம் போய் நானே சொல்கிறேன், பிழை என்னுடையது என்று சொல்கிறேன் என்று திரும்பினேன். மதாம் என் மணிக்கட்டைப் பிடித்தார். சின்னக் கை, ஆனால் பிடி இறுக்கமாக இருந்தது. "வேண்டாம். இன்றைக்குப் போதும்," என்றார்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று பேர் வந்து அதையே கேட்டார்கள். மூன்று பேருக்கும் அவர் அதே பதிலைச் சொன்னார். மூன்று தடவையும் நான் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.